‘ஜெயித்தால்’ என்ற இரண்டாம் பக்கம்

எங்கள் மாவட்டத்தில் என்னைத் திட்டாத ஆள் கிடையாது. பாதிரியார்கூடத் திட்டியிருக்கிறார், அதுவும் ஞாயிறு பூசை முடிந்த கையோடு கோயில் வாசலிலேயே வைத்து. அவர் குறித்த உறுதிபூசுதல் விழாவும் நான் குறித்த பொடியன்கள் இறுதி ஆட்டமும் ஒரே நாளில் வந்துவிட்டன. பிஷப் வந்து நின்றபோது பாதிப் பையன்கள் கையில் மட்டையோடு மைதானத்தில் இருந்தார்கள். தேதி போட்டது டிசம்பரில். பிஷப்புக்கு ஏப்ரலில்தான் ஞாபகம் வருகிறது என்றால் நான் என்ன செய்ய?

என் பெயர் டிம்ப்னா ஹெனபெரி. வளைந்த மட்டையால் பந்தடிக்கும் அயர்லாந்து ஆட்டமான ஹர்லிங்கின் மாவட்டக் குழுவில் ஆட்டங்களுக்குத் தேதி போடும் செயலாளர். சம்பளம் கிடையாது, யாருக்கும் கிடையாது, ஆடுகிறவனுக்கே கிடையாது. டப்ளினில் எண்பதாயிரம் பேர் முன்னால் ஆடுகிறவன் மறுநாள் காலை பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுப்பான், இல்லை, யார் வீட்டிலாவது குழாய் மாட்டுவான். எங்கள் ஆட்டம் அப்படி.

வருடத்தை எங்களுக்கு இரண்டாக வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள். ஏப்ரலில் இருந்து ஜூலை வரை மாவட்ட அணிகளுக்கு. முதலில் மாகாணத்துக்குள் ஒருவரோடு ஒருவர் மோத வேண்டும், அதில் தேறினால் காலிறுதி, அரையிறுதி, ஜூலை மூன்றாம் ஞாயிறு டப்ளினில் அகில அயர்லாந்து இறுதி. அதன்பிறகு மீதி வருடம் ஊர் கிளப்களுக்கு. மாவட்ட அணி தன் கடைசி ஆட்டம் ஆடியபின் இரண்டு வாரமாவது பையன்களுக்கு ஓய்வு தர வேண்டும், அதற்கப்புறம்தான் கிளப் ஆட்டம். அக்டோபர் முடிவதற்குள் எங்கள் கிளப் சாம்பியன் யார் என்று மாகாணத்துக்குப் பெயர் அனுப்பியாக வேண்டும். அந்தப் பக்கம் ஒரு நாள்கூட நீளாது. இந்த இரண்டு சுவருக்கும் நடுவில் முப்பத்தொரு கிளப், இருநூற்றுச் சொச்சம் ஆட்டம், அத்தனையையும் செருகுவது என் வேலை.

பதின்மூன்று வருடமாகச் செய்கிறேன். என்னிடம் இரண்டு சட்டம். ஒன்று, சாவுக்கு மட்டும்தான் தேதி மாறும். கிளப்பில் யாராவது இறந்தால் ஆட்டம் தள்ளிப்போகும், அது எங்கள் வழக்கம். கல்யாணம், ஞானஸ்நானம், அமெரிக்கப் பயணம், எதற்கும் மாறாது. இரண்டாவது, சுற்றறிக்கை போகும்வரை தேதியை யாரிடமும் மூச்சுவிட மாட்டேன். என் வீட்டில்கூட. யாராவது போன் செய்து கெஞ்சினால், "பாக்கலாம்" என்பேன். ரொம்ப அன்பாகச் சொல்வேன். டிம்ப்னா ‘பாக்கலாம்’ என்றால் நடக்காது என்று மாவட்டம் முழுக்கத் தெரியும். "டிம்ப்னாகிட்ட ஒரு தேதி வாங்கணும்னா வீட்ல ஒரு பொணம் விழணும்" என்று என் காது கேட்கவே பேசுவார்கள்.

என் வீட்டில் ஒரு பிணம் விழுந்தது, நான்கு வருடத்துக்கு முன். என் வீட்டுக்காரர் டோனல். எங்கள் கிளப் கில்டோரனின் ஆட்டத்தை நானே என் கையால் தள்ளிவைத்தேன். பெர்த்தில் சுரங்க வேலை பார்க்கும் என் மகன் ஃபிண்டன் அடக்கத்துக்கு வந்தான், ஐந்து நாள் இருந்தான், போய்விட்டான். அதன்பிறகு வரவில்லை. ஞாயிறு காலை போன் மட்டும் வரும். வானிலை கேட்பான், ஆட்டம் கேட்பான். நானும் வானிலை சொல்வேன், ஆட்டம் சொல்வேன்.

இந்த வருடம் ஜனவரியில், அட்டவணை வெளியான இரண்டாம் நாள், போன் வந்தது.

"அம்மா, மொத ஆட்டமே கில்டோரனும் அகாவினுமா?"

"குலுக்கல்ல அப்படித்தான் வந்துச்சு."

"ஜூலை இருபத்தாறு, சனிக்கிழமை. உறுதிதானே?"

"நான் போட்டா அது உறுதிதான்டா."

"அப்ப நான் வரேன். வந்து ஆடறேன். அந்த அகாவின்காரனுங்கள ஒரு வாட்டியாவது அடிக்காம எனக்குக் கட்டை வேகாது."

அகாவின் பக்கத்து ஊர், வேறு கோயில் பங்கு. ஆற்றுக்கு அந்தப்புறம். எங்களுக்குள் என்ன பகை என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, ஆனால் பகை. ஃபிண்டன் லீவு எழுதிக் கொடுத்தான், சுரங்கத்தில் லீவு ஒரு தடவை எழுதினால் எழுதினதுதான். ஜூலை இருபத்துநான்கு வந்து இறங்கி ஆகஸ்ட் மூன்று கிளம்ப டிக்கெட் போட்டான். பெர்த் கிளப்பிலிருந்து கில்டோரனுக்கு மாறிக்கொள்ளும் காகிதத்தில் நானே முத்திரை குத்தினேன். பிறகு அவன் அறையில் நான்கு வருடமாக நான் போட்டு வைத்திருந்த கோப்புகளை எல்லாம் எடுத்துக் கூடத்தில் அடுக்கினேன். மெத்தையை வெயிலில் போட்டேன். ஜனவரியில் என்ன வெயில், ஆனாலும் போட்டேன்.

இங்கேதான் நான் செய்த தவறைச் சொல்ல வேண்டும். அட்டவணைப் படிவத்துக்கு இரண்டு பக்கம். முதல் பக்கம், வழக்கமான தேதிகள். இரண்டாம் பக்கம், மாவட்ட அணி இறுதி ஆட்டம் வரை ஜெயித்தால் கிளப் ஆட்டங்களை எங்கே வைப்பது என்ற மாற்றுத் தேதிகள். பதின்மூன்று வருடமாக அந்த இரண்டாம் பக்கத்தை நான் நிரப்பியதில்லை. எனக்கு முன் இருந்தவரும் நிரப்பியதில்லை. எங்கள் அணி இறுதிக்குப் போய் இருபத்தொன்பது வருடம் ஆகிறது. ஒவ்வொரு வருடமும் மே மாதக் கடைசியில் தோற்று, சத்தமில்லாமல் பேருந்தில் திரும்பி வரும். அந்தப் பக்கத்தை நிரப்புவது பெருமையடிப்பது மாதிரி, திருஷ்டி மாதிரி. காலியாக விட்டேன்.

மே மாதம் அணி ஜெயித்தது. ஒன்றல்ல, மூன்று ஆட்டம். ஜூனில் மாகாண இறுதியில் தோற்றது, நான் பெருமூச்சு விட்டேன், ஆனால் இரண்டாவதாக வருகிறவர்களுக்கும் காலிறுதி உண்டு. அதில் ஜெயித்தது. மின்கம்பம்தோறும் எங்கள் அணியின் பச்சை கறுப்புக் கொடி ஏறியது. ஒருத்தன் தன் ஆடுகளுக்கே பச்சைச் சாயம் அடித்துவிட்டான். ரொட்டிக்கடையில், வங்கியில், கல்லறைத் தோட்டத்தில்கூட அதே பேச்சு. நான் மட்டும் ஒவ்வொரு வெற்றிக்கும் நாட்காட்டியில் நாள் எண்ணினேன். அரையிறுதிக்கு முந்தின நாள் குழுத் தலைவர் மாலக்கி டுனே அலுவலகத்துக்கு வந்து கேட்டார்.

"டிம்ப்னா, நாளைக்கு ஜெயிச்சுட்டா கிளப் ஆட்டமெல்லாம் எங்க போகும்? ரெண்டாம் பக்கத்தக் காட்டு."

காட்டினேன்.

"என்னம்மா இது, வெள்ளையா இருக்கு?"

"எப்பவும் வெள்ளைதான்."

"அடிப் பாவி! ஜெயிக்கறதுக்குன்னு ஒரு தேதிகூட விடலையா நீ?"

"நீங்க விட்டீங்களா? டிசம்பர்ல நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?"

அவர் தலையைச் சொறிந்தார். பிறகு சிரித்தார். மறுநாள் அணி ஜெயித்தது.

அன்று மாவட்டமே தெருவில் நின்று ஆடியது. நான் அடுப்படியில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இறுதி ஜூலை இருபது. இரண்டு வாரம் ஓய்வு. முதல் கிளப் ஆட்டம் ஆகஸ்ட் ஒன்பது. ஃபிண்டன் வந்திருக்கும் பத்து நாளில் ஒரு பந்துகூட உருளாது. இறுதி ஆட்டமும் அவன் வந்து சேர நான்கு நாள் முன்பே முடிந்துவிடும்.

மறுநாள் ஞாயிறு. அவனே போன் செய்தான். பின்னால் ஒரே கூச்சல், எங்கள் மாவட்டத்துப் பையன்கள் அங்கே ஒரு கூட்டம் உண்டு.

"அம்மா! இறுதிக்குப் போய்ட்டோம்! நம்பவே முடியல! சரி, எங்க ஆட்டம் என்ன ஆகும்?"

"இறுதி இருபதாந் தேதி. அதுலேருந்து ரெண்டு வாரம் ஓய்வு."

கூச்சலைத் தாண்டி அவன் வேறு அறைக்குப் போவது கேட்டது.

"நான் மூணாம் தேதி கெளம்பறேனே."

"தெரியும்."

"நீதானே தேதி போடறவ. மாத்தேன்."

"ரெண்டு கிளப்பும் எழுத்துல சம்மதிச்சாத்தான் ஓய்வு நாள்ல வைக்க முடியும். அகாவின்ல ரெண்டு பேர் மாவட்ட அணியில ஆடறானுங்க. சம்மதிக்க மாட்டாங்க."

"கேட்டுப் பாக்கலாமில்ல?"

கேட்கிறேன் என்றால் பாதித் தேதி சொன்ன மாதிரி. என் இரண்டாம் சட்டம் வாயைக் கட்டியது.

"அப்ப நான் எதுக்கு வரணும்? வந்து என்ன பண்றது பத்து நாள்?" என்றான். கோபமாகக்கூட இல்லை, நிஜமாகவே கேட்டான்.

அந்த இடத்தில் ஒரு தாய் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. எனக்கு அது வரவில்லை. அடுக்கி வைத்த கோப்புகளைப் பார்த்தேன். "உன் இஷ்டம்" என்றேன்.

"யோசிக்கறேன்" என்று வைத்துவிட்டான்.

இரண்டு நாள் தூக்கமில்லை. மூன்றாம் நாள் கோட்டை மாட்டிக்கொண்டு ஆற்றைத் தாண்டி அகாவினுக்குப் போனேன். அவர்கள் கிளப் செயலாளர் ஜார்லத் கியோகன் கொட்டிலில் டிராக்டருக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். இதே ஜார்லத் போன வருடம் என் அலுவலக வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மகள் கல்யாணத்தன்று அகாவினுக்கு ஆட்டம். தள்ளி வைக்க முடியுமா என்றார். பாக்கலாம் என்றேன். மாப்பிள்ளைத் தோழர்கள் ஆறு பேரும் சேற்றோடு மாலை விருந்துக்குத்தான் வந்து சேர்ந்தார்கள்.

"அடேங்கப்பா, அம்மா தாயே! ஆத்தைத் தாண்டி வந்திருக்கீங்க. யார் செத்தது?"

"யாரும் சாகல, ஜார்லத்."

"அப்ப என்ன விஷயம்?"

சொன்னேன். மகன் வருகிறான், இருபத்தாறாம் தேதி ஆட்டம் நடந்தால் ஆடுவான், நடக்காவிட்டால் வராமலே போகலாம். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. பதின்மூன்று வருடமாக மற்றவர்கள் என்னிடம் பேசிய குரல் அது.

ஜார்லத் கையைத் துணியில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். "இந்தக் கியோகன் இப்ப என்ன சொல்லணும் தெரியுமா?"

"பாக்கலாம்னு சொல்லணும்."

"அதேதான்." சிரித்துவிட்டார். "போன வருசத்திலேருந்து இதுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன். இப்ப வாய் வரமாட்டேங்குது. உள்ள வாங்க, டீ குடிங்க."

சோடா ரொட்டியும் வெண்ணெயும் வைத்தார். சம்மதக் காகிதத்தில் கையெழுத்தும் போட்டார். ஆனால் ஒரு நிபந்தனை.

"இறுதியில நம்ம மாவட்டம் தோத்துட்டா சரி, இருபத்தாறாந் தேதி வெச்சுக்கலாம். எங்க பசங்களும் வீட்ல மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கறதுக்கு ஆடட்டும். ஜெயிச்சுட்டா மட்டும் முடியாது, டிம்ப்னா. கோப்பை ஊர் ஊரா வரும். அந்த ரெண்டு பேரும் ஒரு வாரம் நிக்க மாட்டானுங்க, நடக்க மாட்டானுங்க."

நியாயம்தான். ஒப்புக்கொண்டேன். கில்டோரன் கிளப்பும் கையெழுத்துப் போட்டது. ஃபிண்டனிடம் சொல்லவில்லை. சுற்றறிக்கை போகவில்லையே. முடிவாகாத தேதியை எப்படிச் சொல்வது? அடுத்த ஞாயிறு போனில் வானிலை சொன்னேன். அவனும் டிக்கெட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வரத்தான் போகிறான் என்று வைத்துக்கொண்டேன்.

இறுதி ஆட்டத்துக்கு மாவட்டமே டப்ளினுக்குக் கிளம்பியது. எனக்கு மாலக்கிக்குப் பக்கத்து இருக்கை. கழுத்தில் பச்சை கறுப்புத் துண்டு. எண்பத்திரண்டாயிரம் பேர். அதில் எங்கள் பக்கம் நாற்பதாயிரம். அத்தனை பேரும் ஒன்றை வேண்டிக்கொண்டார்கள், நான் ஒருத்தி மட்டும் வேறொன்றை வேண்டிக்கொண்டேன். இதை நான் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லவில்லை. இப்போதுதான் சொல்கிறேன்.

ஐந்து நிமிடம் இருக்கும்போது இரு பக்கமும் சமம். எதிராளி தவறுக்குக் கிடைத்த தனி அடிக்கு எங்கள் பையன் ஒருத்தன் பந்தை வைத்தான், அறுபது கெஜம், அவன் தூக்கத்தில்கூட அடிப்பான். அவன் அம்மா எனக்கு இரண்டு வரிசை முன்னால் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தாள். வெளியே போ என்று மனசுக்குள் சொன்னேன். பந்து வெளியே போனது. அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை, எனக்குத் தெரியாதா? ஆனாலும் அந்த அம்மாள் தலையைக் குனிந்தபோது எனக்கு எழுந்து ஓடிவிட வேண்டும்போல இருந்தது. கடைசியில் மூன்று புள்ளியில் தோற்றோம். மாலக்கி குழந்தை மாதிரி அழுதார். என் கண்ணிலும் தண்ணீர். "அழு டிம்ப்னா, அழுதுரு" என்று கையைப் பிடித்துக்கொண்டார். வெட்கத்தில் அழுகிறேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

திரும்பும் பேருந்தில் நான் போனிலேயே சுற்றறிக்கையை அனுப்பினேன். ஜூலை இருபத்தாறு, சனிக்கிழமை, பகல் ஒரு மணி, கில்டோரன் எதிர் அகாவின். பதின்மூன்று வருடத்தில் உயிரோடு இருக்கும் ஒருவனுக்காக நான் காப்பாற்றிக் கொடுத்த முதல் தேதி.

மறுநாள் காலை ஃபிண்டனைக் கூப்பிட்டேன். திங்கட்கிழமை நான் கூப்பிட்டதே இல்லை.

"என்னம்மா, என்ன ஆச்சு?"

"சுத்தறிக்கை போயிடுச்சு. சனிக்கிழமை ஆட்டம் நடக்குது. ஜார்லத் கையெழுத்துப் போட்டுட்டாரு. எத்தன மணிக்கு எறங்கற, நான் விமான நிலையத்துக்கு வரேன்."

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"அம்மா… நான் டிக்கெட்ட மாத்திட்டேன். ரெண்டு வாரம் முன்னாடி செவ்வாக்கெழமையே. நாங்க நாலு பேர் பாலிக்குப் போறோம், நாளைக்குக் கெளம்பறோம்."

"திரும்ப மாத்த முடியாதா?"

"முடியாதும்மா. அந்த டிக்கெட்டே போயிடுச்சு."

"அதுக்கப்பறம் ஞாயித்துக்கெழமை பேசினியே, ஏன்டா சொல்லல?"

"உனக்கு ஒண்ணுமில்லன்னு நெனச்சேன். உன் இஷ்டம்னு சொன்னியே. ஆட்டம் இல்லன்னு சொன்ன, அப்பறம் வேற ஒண்ணுமே சொல்லலையே நீ. ஒரு வார்த்த வாடான்னு சொல்லியிருந்தா…" நிறுத்திக்கொண்டான். "சரி விடு. எதுக்கு அழற?"

"நான் எங்க அழறேன்" என்றேன்.

சுற்றறிக்கை போனது போனதுதான். சனிக்கிழமை ஆட்டம் நடந்தது. தூறல். வாசலில் நான்தான் டிக்கெட் கிழித்தேன். வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள், எங்கே உன் பையன் என்று. அவனுக்காகத்தான் இந்தத் தேதி என்று அதற்குள் மாவட்டத்துக்கே தெரிந்திருந்தது. லீவு கிடைக்கவில்லை என்றேன். நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். உடை மாற்றும் அறையில் பதினொன்றாம் எண் சட்டையை அவனுக்கென்று கொக்கியில் மாட்டி வைத்திருந்தார்கள். ஒரு பத்தொன்பது வயதுக்காரன் அதைப் போட்டுக்கொண்டு ஆடினான், நன்றாகத்தான் ஆடினான்.

இடைவேளையில் ஜார்லத் பிளாஸ்க்கோடு வந்தார். ஏதாவது குத்திப் பேசுவார் என்று நினைத்தேன். பேசியிருந்தால் திருப்பிப் பேசியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். மனுஷன் டீயை ஊற்றிக் கொடுத்துவிட்டு, "சக்கர கொஞ்சம் தூக்கல்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதுதான் தாங்க முடியவில்லை.

ஒரு புள்ளியில் அகாவின் ஜெயித்தது. கூட்டம் கலைந்ததும் காரில் உட்கார்ந்து ஃபிண்டனைக் கூப்பிட்டேன். மூன்று மணி இருக்கும். எடுத்தான், பின்னால் பாட்டுச் சத்தம், சிரிப்பு.

"யாரும்மா ஜெயிச்சா?"

"அகாவின். ஒரு பாயிண்ட்ல."

"சே! நான் இருந்திருந்தா…"

"ஆட்டத்த விடுடா." எத்தனையோ கிளப்காரர்களோடு மல்லுக்கட்டியிருக்கிறேன், ஒரு வார்த்தைக்கு இப்படிப் பாடுபட்டதில்லை. "ஃபிண்டன், நீ வாடா. ஆட்டம் இருந்தாலும் இல்லாட்டியும் வா. எனக்கு உன்னப் பாக்கணும். டிசம்பர்ல ஒரு ஆட்டமும் கெடையாது, மாசம் முழுக்கக் காலி. கிறிஸ்துமஸுக்கு வா. ரூமெல்லாம் ஒழிச்சு வெச்சிருக்கேன்."

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். காரின் கண்ணாடி முழுக்கத் தூறல், மைதானம் தெரியவில்லை.

"பாக்கலாம்மா" என்றான்.

ரொம்ப அன்பாகத்தான் சொன்னான். நானும் எல்லாரிடமும் அப்படித்தான் சொல்வேன்.